40 வயதுக் கணினிக்கு மாற்றுச் சில்லு எங்கே கிடைக்கும்?

மாணவர்களே, உங்கள் கைப்பேசித் திரை உடைந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? பேரங்காடியில் இருக்கும் ஒரு கடைக்குக் கொண்டு போவீர்கள். அரை மணி நேரத்தில் புதுத் திரையை மாட்டித் தந்துவிடுவார்கள். அதே கைப்பேசி எட்டு, பத்து ஆண்டுப் பழையது என்றால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். "இதுக்கெல்லாம் ஸ்பேர் பார்ட் வர்றதில்ல தம்பி, புதுசு வாங்கிடுங்க" என்பார்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். 1982இல் விற்பனைக்கு வந்த ஒரு வீட்டுக் கணினி உங்கள் கைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூசியைத் துடைத்துத் தொலைக்காட்சியில் இணைக்கிறீர்கள். பொத்தானைத் தட்டினால் சிவப்பு விளக்கு எரிகிறது. திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது.

அந்தக் கணினியைச் செய்த நிறுவனம் 1994இல் திவாலாகிவிட்டது. அதன் முக்கியச் சில்லுகளை உருவாக்கிய ஆலையும் 2001இல் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் உலகெங்கும் ஆர்வலர்கள் இந்தக் கணினிகளை இன்றுவரை பழுதுபார்த்து ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாற்றுச் சில்லுகளை எங்கிருந்து பிடிக்கிறார்கள்? சில சில்லுகள் மட்டும் எளிதாகக் கிடைப்பதும், சில எந்த விலை கொடுத்தாலும் அரிதாக இருப்பதும் ஏன்? வாருங்கள், ஒரு சில்லு வேட்டைக்குப் போய் வருவோம்.

நம் நோயாளி யார்?

அந்தக் கணினியின் பெயர் கொமடோர் 64. அமெரிக்காவில் 595 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. விசைப்பலகைக்கு உள்ளேயே முழுக் கணினியும் அடங்கியிருக்கும். ஒரு கோடிக்கும் மேல் விற்றது. உலகில் மிக அதிகமாக விற்ற கணினி மாடல்களில் இதுவும் ஒன்று.

பெயரில் உள்ள 64, அதன் நினைவகத்தின் அளவைக் குறிக்கிறது: 64 கிலோபைட். இன்று நீங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் பல மெகாபைட் இருக்கும். அப்படிப்பட்ட ஒரே ஒரு படத்தைக்கூட இந்த நினைவகத்தில் வைக்க முடியாது. அதன் செயலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் துடிப்புகளில் இயங்கும். இன்றைய கைப்பேசிச் செயலியின் வேகம் இதைப் போல் ஆயிரக்கணக்கான மடங்கு.

ஆனால் பழுதுபார்ப்பவருக்கு இந்தக் கணினியில் ஒரு பெரிய வசதி உண்டு. உள்ளே இருக்கும் சில்லுகள் பெரியவை. ஒவ்வொன்றும் பூரானைப் போல இரு பக்கமும் கால்களோடு உட்கார்ந்திருக்கும். முதுகில் எண் அச்சிட்டிருக்கும். நினைவகம், செயலி, படம், ஒலி என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சில்லு. கைப்பேசியில் இவற்றில் பெரும்பாலானவை ஒரே சில்லுக்குள் சுருங்கிவிட்டன. இங்கே எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எந்த உறுப்பு நோய்ப்பட்டது என்று தேட முடியும்.

சில்லு வாங்கும் முன் மின்சாரத்தை அளங்கள்

பழுதுபார்ப்பில் முதல் விதி இது. மாற்றுச் சில்லைத் தேடிக் கிளம்பும் முன், பழைய சில்லைக் கொன்றது எது என்று கேளுங்கள். இல்லாவிட்டால் புதிய சில்லையும் அதுவே கொன்றுவிடும்.

கொமடோர் 64இன் மின்வழங்கி ஒரு கனமான கறுப்புப் பெட்டி. அது கணினிக்கு இரண்டு வகை மின்சாரம் தரும்: 5 வோல்ட் நேர் மின்சாரம், 9 வோல்ட் மாறுதிசை மின்சாரம். பெட்டியின் உட்புறத்தைப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். அதனால் வெப்பம் எளிதில் வெளியேறாது. பல ஆண்டுகள் சூடேறிச் சூடேறி, 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகம் பழுதாகும். அப்போது வெளிவரும் மின்னழுத்தம் 5ஐத் தாண்டி ஏறத் தொடங்கும். இந்தச் சில்லுகளில் பெரும்பாலானவை 4.75 முதல் 5.25 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு மேல் ஏறினால் முதலில் பலியாவது பெரும்பாலும் நினைவகச் சில்லுகள்தான்.

ஆகவே, கணினியில் செருகும் முன் ஆசிரியர் அல்லது பெரியவர் ஒருவரின் துணையோடு மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். வரம்பைத் தாண்டினால் அந்த மின்வழங்கியை ஒதுக்கிவிட்டு, பாதுகாப்பு வசதியுள்ள புதியதை வாங்கவேண்டும். அந்தப் பெட்டியைத் திறக்க மட்டும் முயலாதீர்கள். உள்ளே சுவர் மின்சாரம் ஓடுகிறது. அது உயிரைப் பறிக்கும்.

எந்தச் சில்லு குற்றவாளி?

தொடக்கப்பள்ளி அறிவியலில் உற்றறிதல், ஊகித்தல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று படித்தீர்கள் அல்லவா? அதைத் தேர்வுக்கு மட்டும் படித்ததாக நினைத்திருந்தால், இதோ அதற்கு உண்மையான வேலை.

இந்தக் கணினியில் 6526 என்ற எண்ணுடைய சில்லுகள் இரண்டு உண்டு. இரண்டும் ஒரே வகை. ஒன்று விசைப்பலகையைக் கவனிக்கும். மற்றொன்று வட்டு இயக்கியோடு பேசும். விசைப்பலகை வேலை செய்யவில்லை என்றால் தப்பு சில்லிலா, விசைப்பலகையிலா? பணம் செலவழிக்காமலே கண்டுபிடிக்கலாம். இரண்டு சில்லுகளும் சாக்கெட்டில் செருகப்பட்டிருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு அவற்றை இடம் மாற்றிப் போடுங்கள். இப்போது விசைப்பலகை வேலை செய்து, வட்டு இயக்கி படுத்துவிட்டதா? நோய் சில்லோடு சேர்ந்து இடம் மாறியிருக்கிறது. அந்தச் சில்லுதான் குற்றவாளி. விசைப்பலகை அப்போதும் எழவில்லையா? சில்லின் மேல் பழி போடாமல் வேறு இடத்தில் தேடுங்கள்.

இங்கே தற்சார்பு மாறி, சில்லு இருக்கும் இடம். சார்பு மாறி, எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பது. மற்ற எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். ஒரே நேரத்தில் நான்கு சில்லுகளை மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்று சொல்பவர், எது பழுது என்று கடைசிவரை அறியமாட்டார். நல்ல சில்லு மூன்றைத் தூக்கி எறிந்தும் இருப்பார்.

குற்றவாளி கிடைத்துவிட்டது. இனி மாற்று தேட வேண்டும். இந்தக் கணினியின் சில்லுகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை: பலர் செய்தவை

ஒரு சில்லைப் பல நிறுவனங்கள் ஒரே அளவில், ஒரே கால் வரிசையில், ஒரே விதிப்படி செய்திருந்தால் அது தரப்படுத்தப்பட்ட சில்லு. 74எல்எஸ்257, 7406, 4066 போன்றவை இந்த வகை. இவை எளிய தருக்க வாயில்களும் மின்னணு ஆளிகளும்தான். இன்றும் தயாரிக்கப்படுகின்றன. கோலாலம்பூரில் ஜாலான் பசார் கடைகளிலும், சிங்கப்பூரில் சிம் லிம் டவரிலும் மின்னியல் பாகம் விற்பவர்களிடம் எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். இவற்றின் விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட பழைய சில்லுகளின் முதுகைப் பார்த்தால் பலவற்றில் 'மலேசியா' அல்லது 'சிங்கப்பூர்' என்று அச்சிட்டிருக்கும். இதற்குக் காரணம் உண்டு. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியது. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் பொருத்தும் ஆலையை அங்கே அமைத்தது. வேறு பல நிறுவனங்களும் இங்கு வந்தன. சிலிக்கான் தகட்டை வேறு நாட்டில் செய்து, இங்கே அதை வெட்டி, மெல்லிய கம்பி இணைத்து, கறுப்பு உறை போட்டுச் சோதித்தார்கள். அதனால்தான் அந்தப் பெயர். எங்கோ ஒரு நாட்டில் யாரோ பழைய கணினியைத் திறக்கும்போது, பினாங்கில் வேலை செய்த ஓர் அக்காவின் கைப்பட்ட சில்லு அதற்குள் இருக்கக்கூடும்.

நினைவகச் சில்லும் இந்த முதல் வகைதான். தொடக்ககாலக் கொமடோர் 64இல் 4164 என்ற எண்ணுடைய சில்லுகள் எட்டு இருக்கும். ஒவ்வொன்றிலும் 65,536 பிட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் அல்லவா? அந்த எட்டும் எட்டுச் சில்லுகளில் ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்கப்படும். எட்டு மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்து, ஓர் எட்டிலக்க எண்ணில் ஆளுக்கு ஓர் இலக்கத்தை எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தூங்கிவிட்டால் எல்லா எண்ணும் கெட்டுவிடும். ஆங்கிலத்தின் முதல் எழுத்துக்குரிய எண் 65. இருமத்தில் அது 01000001. கடைசி இலக்கத்துக்குரிய சில்லு செத்து எப்போதும் 0 என்றே சொன்னால், அது 01000000 ஆகிவிடும், அதாவது 64. திரையில் அந்த எழுத்துக்குப் பதிலாக மின்னஞ்சல் முகவரியில் வரும் 'அட்' குறி தோன்றும். உண்மையில் நிலைமை அதைவிட மோசம். கணினி எழுந்து நிற்கவே நினைவகம் தேவைப்படுவதால், ஒரே ஒரு சில்லு செத்தாலும் திரை கறுப்பாகவே நின்றுவிடலாம்.

செத்த சில்லைக் கண்டுபிடிக்கச் சோதனைக் கார்ட்ரிஜ் ஒன்று உண்டு. அதைச் செருகினால், பழுதான நினைவகச் சில்லு எதுவோ அந்த எண்ணிக்கைக்கு ஏற்பத் திரை மின்னும். பழுதான சில்லு மற்ற ஏழையும்விட அதிகமாகச் சூடேறுவதும் உண்டு.

4164ஐ அந்தக் காலத்தில் அமெரிக்கா, ஜப்பான், கொரியா என்று பல நாட்டு நிறுவனங்கள் செய்தன. சாம்சங் 1983இல் உருவாக்கிய 64 கிலோபிட் சில்லும் இந்த வகைதான். அதனால் பழைய கையிருப்பு இன்னும் கிடைக்கிறது. வாங்கும்போது இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது, எண்ணுக்குப் பின்னால் வரும் ஒட்டு. 4164-15 என்றால் 150 நானோநொடியில் பதில் சொல்லும். 4164-20 என்றால் 200 நானோநொடி. 200 கேட்கும் இடத்தில் 150 போடலாம். வேகமாகப் பதில் சொல்பவர் காத்திருப்பார். மெதுவாகச் சொல்பவருக்காகக் கணினி காத்திருக்காது. இரண்டாவது, 4116 என்ற சில்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதற்கும் 16 கால்கள்தான். பார்க்கவும் ஒரே மாதிரி. ஆனால் அதற்கு 5, 12, எதிர் 5 என்று மூன்று மின்னழுத்தங்கள் தேவை, கொள்ளளவும் கால்பங்குதான். உருவம் பொருந்துவது வேறு, வேலை பொருந்துவது வேறு.

இரண்டாம் வகை: நாமே செய்துகொள்ளக்கூடியவை

இப்போது சற்றுச் சிக்கலான ஒரு சில்லைப் பார்ப்போம். அதன் பெயர் பிஎல்ஏ. சூடாகவே ஓடும், அடிக்கடி சாகும். கறுப்புத் திரைக்கு இதுவும் முக்கியக் காரணம்.

இதன் வேலை என்ன? 65,536 வீட்டு எண்கள் உள்ள ஒரு தாமானைக் கற்பனை செய்யுங்கள். கொமடோர் 64இன் செயலியால் அத்தனை முகவரிகளைத்தான் கூப்பிட முடியும். ஆனால் குடியிருப்போர் அதைவிட அதிகம். 64 கிலோபைட் நினைவகமே எல்லா வீட்டையும் நிரப்பிவிட்டது. அதன் மேல் 20 கிலோபைட் நிலை நினைவகம் வேறு. படம், ஒலிச் சில்லுகளும் இருக்கின்றன. அதனால் ஒரே வீட்டு எண்ணில் இரண்டு குடும்பம், சில எண்ணில் மூன்று குடும்பம். தபால்காரர் அந்த எண்ணைக் கூப்பிட்டால் யார் கதவைத் திறப்பது? தாமான் நுழைவாயிலில் நிற்கும் காவலர்தான் முடிவு செய்வார். அந்தக் காவலர்தான் பிஎல்ஏ. அவர் இல்லாவிட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், அல்லது யாருமே வாய் திறக்கமாட்டார்கள்.

இந்தச் சில்லுக்கு 16 உள்ளீடு, 8 வெளியீடு. ஒவ்வோர் உள்ளீடும் 0 அல்லது 1. ஆக மொத்தச் சேர்க்கைகள் எத்தனை? இரண்டின் அடுக்கு 16, அதாவது 65,536. ஒவ்வொரு சேர்க்கைக்கும் என்ன வெளியீடு வரும் என்று ஓர் அட்டவணை எழுதிவிட்டால், அந்தச் சில்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதியைச் சொன்னதாகிவிடும். கணிதப் பாடத்தில் சார்பு என்று படிக்கிறீர்களே, அதேதான்: உள்ளே ஒன்றைக் கொடுத்தால் வெளியே ஒன்று வரும், எப்போதும் அதுவே வரும்.

ஆர்வலர்கள் அப்படித்தான் செய்தார்கள். அந்த 65,536 வரி அட்டவணையை 27சி512 என்ற ஈப்ரம் சில்லில் பதித்தார்கள். ஈப்ரம் என்றால் நாமே தரவு எழுதி, புற ஊதா ஒளியால் அழித்து, மீண்டும் எழுதக்கூடிய நிலை நினைவகம். இந்த ஈப்ரமின் கொள்ளளவு சரியாக 65,536 பைட்! கால்களின் வரிசையைச் சீர்செய்ய ஒரு சிறு இடைப்பலகை வைத்துச் செருகினால், பல கணினிகள் எழுந்துகொண்டன.

பல கணினிகள் என்றுதான் சொன்னேன். எல்லாம் என்று சொல்லவில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது. அட்டவணை, என்ன பதில் என்பதை மட்டும் சொல்கிறது. எப்போது, எப்படிப் பதில் வரும் என்பதைச் சொல்வதில்லை. உள்ளீடு மாறும் அந்தச் சில நானோநொடிகளில் ஈப்ரமின் வெளியீடு தடுமாறி, தவறான குரல் ஒன்றைக் கொடுத்துவிட்டு அப்புறம் சரியாகும். சில கணினிகளுக்கு அந்தத் தடுமாற்றமே போதும், இயக்கம் குழம்பிவிடும். இதைக் கவனித்தவர்கள் பழைய பிஎல்ஏயின் நேரத்தையும் அளந்தார்கள். பிறகு உள்ளே வாயில்களின் இணைப்பை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய புதுவகைச் சில்லுகளைக் கொண்டு, நேரமும் பொருந்தும்படி மாற்று செய்தார்கள். இன்று வாங்கக் கிடைப்பவற்றில் நல்லவை அவைதாம்.

ஆக, ஆலை மூடப்பட்டாலும் ஒரு சில்லின் வேலை முழுமையாகத் தெரிந்தால் அதை மறுபடி செய்யலாம். பெயரும் உருவமும் வேறாக இருக்கலாம். வேலை ஒன்றாக இருந்தால் போதும்.

மூன்றாம் வகை: மாற்று இல்லாதவை

கடைசியாக வருவதுதான் கொமடோர் 64இன் புகழ்பெற்ற உறுப்பு. ஒலிச் சில்லு. எண் 6581. ஆர்வலர்கள் அதைச் சிட் என்று அழைக்கிறார்கள். பாப் யான்னஸ் என்ற பொறியாளர் வடிவமைத்தது. அவர் பின்னர் என்சோனிக் என்ற இசைக்கருவி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

அன்றைய வீட்டுக் கணினிகள் பல வெறும் 'பீப்' ஒலிதான் எழுப்பின. சிட்டில் மூன்று குரல்கள். ஒவ்வொன்றும் முக்கோண அலை, வாள்பல் அலை, துடிப்பலை, இரைச்சல் என்று வடிவம் மாறும். அந்த ஒலியைச் சீவிச் செதுக்க உள்ளேயே ஒரு வடிகட்டி. சுருதியின் ஒரு பகுதியை விட்டு, இன்னொரு பகுதியைத் தடுப்பது அதன் வேலை.

இந்த வடிகட்டியில்தான் சிக்கல். சில்லின் மற்றப் பகுதிகள் பெரும்பாலும் 0, 1 என்ற எண்களால் ஓடுபவை. வடிகட்டியோ தொடர்மின்சுற்று. அதற்குள் டிரான்சிஸ்டர்களே மாறும் மின்தடைகளாக வேலை செய்கின்றன. ஆலையில் ஒரு தகடு சற்று வேறாக அமைந்தால் அந்த மின்தடையும் மாறும். அதனால் ஒரே எண்ணுடைய இரண்டு சிட் சில்லுகளில் ஒரே பாட்டை ஓடவிட்டால், வடிகட்டி வரும் இடத்தில் இரண்டும் வேறுவேறாக ஒலிக்கலாம். இரண்டு பேர் ஒரே பாடலைப் பாடினாலும் குரல் வேறாக இருக்குமே, அப்படி.

இன்னொரு வேடிக்கை. இந்தச் சில்லின் ஒலி அளவைத் திடீரென்று மாற்றினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அது ஒரு குறைபாடு. ஆனால் நிரலாளர்கள் அந்த 'டக்'கை மிக வேகமாக அடுக்கி, பதிவு செய்த பேச்சையும் மத்தளச் சத்தத்தையும் ஒலிக்க வைத்தார்கள். பின்னர் 8580 என்ற திருத்திய சில்லு வந்தது. குறை பெரிதும் நீங்கியது. குறையை நம்பிச் செய்த அந்தப் பேச்சும் மத்தளமும் புதிய சில்லில் மிக மெல்லக் கேட்டன! குறையைத் திருத்தியதால் சில விளையாட்டுகளின் ஒலி குன்றிப்போனது.

8580ஐ நேராக 6581 இருந்த இடத்தில் வைக்கவும் கூடாது. 6581க்கு 12 வோல்ட் தேவை. 8580க்கு 9 வோல்ட். வடிகட்டிக்கு வெளியே இருக்கும் மின்தேக்கிகளும் வேறு: முன்னதற்கு 470 பிக்கோஃபாரட், பின்னதற்கு 22 நானோஃபாரட். எத்தனை மடங்கு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். கால்கள் இரண்டுக்கும் 28தான். கால் எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் செருகுபவர் ஓர் அரிய சில்லை எரித்துவிடுவார்.

சரி, பிஎல்ஏக்குச் செய்தது போல இதற்கும் அட்டவணை எழுதினால் என்ன? முடியாது. இதன் வெளியீடு 0, 1 அல்ல. ஏறி இறங்கும் அலை. அது இந்த நொடியின் உள்ளீட்டை மட்டுமன்றி, சற்று முன் நடந்ததையும் சில்லின் பிறவிக் குணத்தையும் பொறுத்தது. ஆகவே ஆர்வலர்கள் வேறு வழிகளில் போனார்கள். சிறு செயலியில் நிரல் எழுதி ஒலியை உருவாக்கும் சுவின்சிட், ஆர்ம்சிட்; எஃப்பிஜிஏ என்ற மறுவடிவமைப்புச் சில்லில் செய்த எஃப்பிஜிஏசிட். இவற்றைச் சாக்கெட்டில் செருகினால் பாட்டு வரும். பெரும்பாலோர் காதுக்கு அது போதுமானது.

சில்லுக்குள் என்ன இருக்கிறது என்று அறிய இன்னொரு வழியும் உண்டு. கறுப்பு உறையை அமிலத்தால் கரைத்து, உள்ளிருக்கும் சிலிக்கானை நுண்ணோக்கியில் படமெடுப்பது. விஷுவல் 6502 என்ற குழு 2010இல் அப்படித்தான் 6502 செயலியின் ஏறத்தாழ 3,500 டிரான்சிஸ்டர்களையும் படத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தடம் பிடித்துக் கணினியில் இயங்க வைத்தது. ஆனால் படம் எடுக்க ஒரு சில்லைப் பலி கொடுக்க வேண்டும். படத்தில் தெரிவதும் வடிவம்தான். மின்தடையின் நுட்ப வேறுபாடு அதில் தெரியாது. அதை உயிருள்ள சில்லில்தான் அளக்க முடியும்.

போலிகளிடம் எச்சரிக்கை

அரிய பொருள் இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். வேறு ஏதோ மலிவான சில்லின் முதுகைத் தேய்த்து, கறுப்புப் பூச்சு பூசி, 6581 என்று அச்சிட்டு விற்பவர்கள் உண்டு. உங்களுக்கு உதவும் மூன்று சோதனைகள்:

ஒன்று, தேதிக் குறி. சில்லின் மீது நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். அது செய்த ஆண்டையும் வாரத்தையும் சொல்லும். 8345 என்றால் 1983ஆம் ஆண்டின் 45ஆம் வாரம். கொமடோருக்குச் சில்லு செய்த மாஸ் டெக்னாலஜி பெரும்பாலும் வாரத்தை முதலில் எழுதியது. அந்தச் சில்லு செய்யப்படாத காலத்தின் தேதி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இரண்டு, உறையின் மேற்பரப்பு. அடிப்பக்கமும் மேல்பக்கமும் ஒரே சொரசொரப்பில் இருக்கவேண்டும். ஆசிரியரின் மேற்பார்வையில், காற்றோட்டமான இடத்தில், பஞ்சில் சிறிது அசிட்டோன் தொட்டுத் தேயுங்கள். கறுப்பு மை பஞ்சில் ஒட்டினால் அது பூச்சு வேலையாக இருக்கலாம்.

மூன்று, விற்பவரிடம் கேள்வி. "வேலை செய்யும் கணினியில் வைத்துச் சோதித்தீர்களா?" என்று கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் அதை ஒலிக்க வைத்தே காட்டுவார்.

ஒன்றைப் பிழைக்க வைக்க இன்னொன்றைக் கொல்லலாமா?

உண்மையான சிட் சில்லுக்கு நம்பகமான ஊற்று பெரும்பாலும் இன்னொரு கொமடோர் 64தான். அதிலிருந்து பிடுங்கினால் உங்கள் கணினி பாடும், அது ஊமையாகும். கணினி ஆர்வலர்கள் மட்டுமல்ல, இசைக் கலைஞர்களும் இந்தச் சில்லைத் தேடுகிறார்கள். சுவீடனின் எலெக்ட்ரான் நிறுவனம் செய்த சிட்ஸ்டேஷன் என்ற இசைக்கருவிக்குள் இருந்தது உண்மையான சிட் சில்லுதான். கையிருப்பு தீர்ந்ததும் அந்தக் கருவியின் தயாரிப்பும் நின்றது. புதிதாகப் பிறக்காத ஒன்றின் எண்ணிக்கை குறைய மட்டுமே செய்யும்.

இந்தக் கேள்வியை என் படிவம் 4 மாணவர்களிடம் வைத்தேன். "உங்கள் கணினியில் சிட் செத்துவிட்டது. பக்கத்துத் தாமானில் ஒருவர், நன்றாக ஓடும் இன்னொரு கொமடோரை விற்கிறார். என்ன செய்வீர்கள்?" வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "அசல் சில்லு இல்லாவிட்டால் அது அசல் கணினியே இல்லை சார்" என்றான் ஒருவன். "ஓடுற கணினியைப் பிரிச்சா, அசல் கணினி இன்னும் ஒண்ணு குறையுமே சார்" என்றாள் அவன் பின்னால் இருந்தவள். மணி அடித்த பிறகும் யாரும் எழவில்லை.

என் கருத்தைக் கேட்டால் இதைச் சொல்வேன். ஓடும் கணினியைப் பிரிக்காதீர்கள். பலகை உடைந்து, இனி எழவே எழாத கணினி கிடைத்தால் அதிலிருந்து எடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் நவீன மாற்றைச் செருகுங்கள். செத்த சிட்டைத் தூக்கி எறியாமல், நிலைமின் தாக்காத நுரையில் குத்தி, என்ன பழுது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். மூன்று குரலும் நன்றாக இருந்து வடிகட்டி மட்டும் செத்த சில்லுகளும் உண்டு; அவை இன்னொருவருக்கு உதவும். ஆனால் வருங்காலத்துக்கு எல்லாவற்றையும்விட அதிகம் உதவுவது, உயிரோடு இருக்கும் சில்லுகளை இப்போதே அளந்து எழுதி வைப்பது. ரெசிட் என்ற மென்பொருளை எழுதிய டாக் லெம் போன்றவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்: சில்லின் நடத்தையைக் கணக்காக மாற்றி வைக்கிறார்கள். கடைசிச் சிட்டும் அடங்கும் நாளில் அந்தக் கணக்குதான் மிஞ்சும்.

நம் வேட்டையைத் திரும்பிப் பாருங்கள். 4164 எளிதாகக் கிடைத்தது. அதன் விதி எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. பிஎல்ஏயை மறுபடி செய்ய முடிந்தது. அதன் வேலையை யாரோ பொறுமையாக அட்டவணையிட்டு, நேரத்தையும் அளந்தார்கள். சிட் கைக்கு எட்டாமல் நிற்கிறது. அதன் குணம் எந்த வரைபடத்திலும் முழுதாக எழுதப்படவில்லை. ஆலை இருக்கிறதா என்பதைவிட, அந்தப் பொருளைப் பற்றி எவ்வளவு எழுதி வைத்திருக்கிறோம் என்பதே மாற்று கிடைக்குமா என்பதை முடிவு செய்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க உங்களுக்குக் கொமடோர் வேண்டியதில்லை. பேட்டரியில் ஓடும் பழைய வானொலி, உடைந்த விளையாட்டுப் பொம்மை, வேலை செய்யாத தொலைக்காட்சிக் கட்டுப்பாட்டுக் கருவி, எதுவாக இருந்தாலும் சரி. வீட்டில் அனுமதி கேட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். சுவர் மின்சாரத்தில் ஓடும் எதையும் திறக்காதீர்கள். உள்ளே உள்ள ஒரு சில்லின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதிக் குறியைப் படியுங்கள். எந்த நாட்டின் பெயர் என்று பாருங்கள். பிறகு அந்த எண்ணுக்குரிய தரவுத்தாளைத் தேடுங்கள். எத்தனை கால்கள், எத்தனை வோல்ட், என்ன வேலை என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அது முதல் வகையா, இரண்டாம் வகையா, மூன்றாம் வகையா என்று முடிவு செய்யுங்கள்.

அந்தப் பக்கத்தை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். "சார், இது செத்தா மாற்று கிடைக்குமா?" என்று கேளுங்கள். பதிலை அவரோடு சேர்ந்து தேடுங்கள்.